பிரசவ பாலிசிக்கு வருடம் 12,000 கூடுதலாகக் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வயது 31. மனைவிக்கு 27, தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. கல்யாணமாகி ஏழு மாதம். குழந்தை இரண்டு வருடம் கழித்து என்று பேசி வைத்திருக்கிறோம். ஏஜென்ட் ஒருவர் 10 லட்சத்துக்கு இரண்டு பாலிசி காட்டுகிறார். சாதாரண ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பாலிசி) வருடம் 15,000. பிரசவச் செலவும் சேர்ந்தது 27,000, அதற்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 50,000 வரை கிடைக்கும். என் கம்பெனியில் 3 லட்சத்துக்கு குரூப் பாலிசி இருக்கிறது. மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், அதை ஃபார்மில் எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். எதை எடுக்கட்டும்?

பதில்: 15,000 பாலிசியை எடுங்கள், தைராய்டையும் எழுதிக் கொடுத்தே எடுங்கள். 27,000 பாலிசி உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

கூடுதல் பிரீமியம் வருடம் 12,000. இரண்டு வருடக் காத்திருப்பு முடிந்து மூன்றாம் வருடம் பிரசவம் என்றால் அதற்குள் மூன்று முறை கட்டியிருப்பீர்கள், 36,000 ஆயிற்று. கையில் வருவது அதிகபட்சம் 50,000. மிச்சம் 14,000. குழந்தை ஒரு வருடம் தள்ளிப்போனால் 48,000 கட்டி 50,000 வாங்குவீர்கள், இன்னொரு வருடம் தள்ளினால் கைநஷ்டம். இது இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் விபத்துக்கு பாலிசி எடுக்கும் ஆயிரம் பேரில் சிலருக்குத்தான் விபத்து நடக்கும், பிரசவத்துக்கென்று பாலிசி எடுக்கிறவர்களோ ஏறக்குறைய எல்லோருமே கிளைம் போட வருவார்கள், அது தெரிந்துதான் இன்சூரன்ஸ் கம்பெனி விலை வைக்கிறது. உங்கள் காசை உங்களுக்கே தவணையில் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பெனி பாலிசியே இல்லாதவர்கள், அல்லது ஒன்பது மாதமே காத்திருப்பு வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் தருகிற பாலிசி நியாயமான விலைக்குக் கிடைப்பவர்கள் யோசிக்கலாம். உங்கள் நிலைமை அது இல்லை.

முதலில் கம்பெனி குரூப் பாலிசியை நோண்டுங்கள். நிறைய குரூப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே பிரசவச் செலவு உண்டு, சுகப்பிரசவத்துக்கு 50,000, சிசேரியனுக்கு 75,000 என்கிற மாதிரி. சிலவற்றில் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. அதனால் பாலிசி ஆவணத்தையே எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள், "இருக்கு சார், எல்லாம் இருக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். அதைவிட முக்கியமான ஒன்று: மனைவி பெயரை அதில் சேர்த்துவிட்டீர்களா? கல்யாணமானதும் குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சேர்க்கச் சொல்லுவார்கள். விட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏழு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், எனக்கு என்னவோ சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ரூம் வாடகை வரம்பையும் பாருங்கள். 3 லட்சத்தில் ஒரு சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் அறைதான். 6,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகையில் பாதி மட்டும் வெட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் கத்திரி போடுவார்கள். என் தங்கை பிரசவத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து போக வசதியாக இருக்கட்டும் என்று டீலக்ஸ் அறை போட்டோம், டிஸ்சார்ஜ் அன்று கேஷ் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் பணத்துக்கு போன் போட்டோம்.

சிசேரியனை விதிவிலக்கு மாதிரி நினைத்து பட்ஜெட் போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல்.

ஆனால் பிரசவ பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும், சேர்த்து வைத்துவிடலாம். மாதம் 3,000 ஆர்.டி. (மாதாமாதம் வங்கியில் கட்டும் சேமிப்பு) போட்டால் இரண்டு வருடத்தில் வட்டி இல்லாமலே 72,000. பாலிசி தராத ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் செலவுக்கும் இதுதான் கைகொடுக்கும். எனக்குக் கவலை குழந்தையைப் பற்றித்தான். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டி வந்தால் தனியாரில் பில் லட்சங்களில் எகிறும், ஆர்.டி. தாங்காது. அதனால் குரூப் பாலிசியில் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, உண்டு என்றால் அது பிரசவத்துக்கான வரம்புக்குள் அடங்குமா அல்லது முழு 3 லட்சமும் கிடைக்குமா, பிறந்து எத்தனை நாளுக்குள் எச்.ஆருக்குத் தெரிவிக்க வேண்டும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தனி பாலிசியில் பிரசவக் கவர் இல்லை என்றால் குழந்தையைப் பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் சேர்ப்பார்கள். குரூப் பாலிசியில் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது 27,000 பாலிசியை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

சாதாரண பாலிசியில் கர்ப்பம் சம்பந்தமாக எதுவுமே கிடைக்காது என்றும் இல்லை. கருக்குழாயில் கரு தங்கி ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் பிரசவச் செலவு தரமாட்டோம் என்கிற விலக்கில் அது வராது, கிளைம் போடலாம். கருச்சிதைவுக்கு மட்டும், அது விபத்தால் ஆனால்தான் கிடைக்கும்.

தைராய்டு விஷயத்தில் அந்த ஏஜென்ட் சொன்னது தப்பான யோசனை. எழுதிக் கொடுத்தால் அந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருப்பு போடுவார்கள், மற்றவை பாதிக்காது. மறைத்துவிட்டு நாளைக்கு கிளைம் போனால் பழைய மருந்துச் சீட்டை எடுத்து முன்னால் வைப்பார்கள், கிளைமும் போகும், பாலிசியும் போகலாம். அந்த நேரத்தில் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். அவர் காட்டிய 15,000-லும் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மனைவியின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும், பிடித்தம் இருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை வரும். நம் வீடுகளில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம், தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? அப்படியென்றால் திருப்பூர் மருத்துவமனைப் பட்டியலைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, மாமனார் ஊரில் எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு பில்லை அனுப்பித்தான் வாங்க வேண்டும், அந்தப் பணத்தை மாமனார் தலையில் கட்டிவிடாதீர்கள்.