அப்பாவுக்கு 80 நடக்கிறது, எஃப்.டி.யை உடைத்து மாடி போடலாமா?

கேள்வி: அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் 1968-ல் கலாசியாகச் சேர்ந்து, 2006 ஜூன் 30-ல் மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேனாக ஓய்வு பெற்றவர். பிறந்த தேதி 14.6.1946. இன்றைய அடிப்படை பென்ஷன் 23,100 ரூபாய். பென்ஷன் சிலிப்பில் கம்யூட்டேஷன் என்று 1,362 ரூபாய் இன்னும் பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு 72 வயது. கணவனைப் பிரிந்து வந்த தங்கை (47) பதினொரு வருடமாக அவர்களோடு அகரம் வீட்டில் இருக்கிறாள். விவாகரத்து ஆகவில்லை. தையல் யூனிட்டில் மாதம் 11,000 ரூபாய் சம்பளம். வீட்டுச் செலவு மாதம் 33,000. சேமிப்பு என்றால் அப்பா பெயரில் மட்டும் இருக்கும் 16 லட்சம் எஃப்.டி.தான். அப்பா எப்போதும் குடும்பம், குடும்பம் என்றே இருப்பவர். ‘எனக்கு 80 நடக்குது, பென்ஷன் கூடப்போவுது, அந்தப் பணத்தை உடைச்சு மாடி போட்டு உனக்கு ஒரு போர்ஷன் குடுத்துடறேன்’ என்கிறார். சரியா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: பென்ஷன் கூடப்போவது உண்மை. ஆனால் அந்த உயர்வு அப்பா இருக்கும் வரைக்கும்தான். அவருக்குப் பிறகு வீட்டுக்கு வருவது என்ன என்று பார்த்துவிட்டு எஃப்.டி.யில் கை வைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த ‘80 நடக்குது’. நம் வழக்கில் 79 முடிந்ததுமே 80 நடக்கத் தொடங்கிவிடும். ரயில்வேக்கு 80 முடிய வேண்டும். அப்பாவுக்கு வருகிற ஜூன் 14-ல் முடிகிறது. பிறந்தநாள் எந்தத் தேதியில் விழுந்தாலும் அந்த மாதத்தின் 1-ந்தேதியிலிருந்தே கூடுதல் பென்ஷன் என்பதால் 1.6.2026 முதல் 20 சதவீதம் சேரும். அது 85 முடிந்தால் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் 100 சதவீதம். ஜாதகத்தில் என்ன எழுதியிருந்தாலும் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறிய தேதிதான் கணக்கு.

கூடுதல் பென்ஷன் அடிப்படைத் தொகையின் மேல் கணக்கிடப்படும், அதற்கும் அகவிலைப்படி உண்டு. 2025 ஜூலை முதலான 58 சதவீதத்தை வைத்துப் பார்ப்போம். இப்போது 23,100-ம் அதற்கு 58 சதவீதமும் சேர்ந்து 36,498 ரூபாய். ஜூனிலிருந்து அடிப்படையில் 4,620 கூடும். அகவிலைப்படியோடு அது 7,300. ஆக மாதம் ஏறத்தாழ 43,800 ரூபாய். அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் மாறும். எட்டாவது ஊதியக்குழு என்ன தரும் என்பது இப்போதைக்கு வெறும் பேச்சு. அதை நம்பி ஒரு செங்கல்கூட வாங்க வேண்டாம்.

அம்மாவுக்கு வரக்கூடிய குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்பாவின் 23,100 என்பது 46,200-ல் பாதி என்பதால் அம்மாவுக்கு 13,860. 50 சதவீத உயர்த்தப்பட்ட குடும்ப பென்ஷன் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஓய்வுக்குப் பின் இறந்தவர்களுக்கு அது 7 ஆண்டு, அல்லது அவர் 67 வயதைத் தொடும் நாள் வரை, இரண்டில் எது முந்தியோ அதுவரைதான். அப்பா அந்த வயதைத் தாண்டி 12 வருடம் ஆகிவிட்டது. அகவிலைப்படியோடு அம்மா கைக்கு வருவது 21,899. இன்று 43,800 வரப்போகிற வீட்டில் ஒரே நாளில் அது சரிபாதியாகிவிடும். அரிசி, பால், கரண்ட் பில் எதுவும் பாதியாகாது. 33,000 செலவுக்கு மாதம் 11,000 ரூபாய் துண்டு விழும். அம்மாவுக்கு 80 முடிந்த பிறகு அவருடைய வயதை வைத்து 20 சதவீதம், அதாவது 4,380 ரூபாய் கூடும். அதற்கு 8 வருடம் இருக்கிறது.

அந்தத் துண்டை அடைக்கத்தான் எஃப்.டி. இருக்கிறது. 16 லட்சத்தில் 15 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய், மாதக் கணக்கில் 10,250 வரும். துண்டு கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது. சேரும் நாளின் வட்டி 5 வருடத்துக்கும் மாறாது, பிறகு மும்மூன்று வருடமாக நீட்டிக்கொள்ளலாம். கணக்கை அம்மா முதல் பெயராக, அப்பாவைக் கூட்டாளியாகச் சேர்த்துத் தொடங்குங்கள். நடுவில் எடுப்பதானால் ஒரு வருடத்துக்குள் வட்டி எதுவும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் கழிப்பார்கள். அதனால் மீதி ஒரு லட்சம் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். எஃப்.டி.யின் முதிர்வு நாள் இரண்டு மூன்று மாதத்தில் வருகிறது என்றால் அபராதம் கட்டி உடைக்காமல் காத்திருங்கள். வட்டி வருடத்துக்கு 1,23,000 ஆவதால், மூத்த குடிமக்களுக்கான ஒரு லட்சம் வரம்பைத் தாண்டி வரி பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அம்மாவின் பான் எண்ணோடு சுய அறிவிப்பு கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். கணவர் கொடுத்த பணத்தின் வட்டி அப்பாவின் வருமானத்தில்தான் சேரும். சேர்ந்தாலும் அவர் மொத்த வருமானம் புதிய முறையில் வரி இல்லாத எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

‘மாடியும் வருமானம்தானே’ என்று அப்பா கேட்பார். வாடகைக்கு விட்டால் சரி. அவர் நினைப்பது உங்களுக்கான போர்ஷன். அதில் வாடகை எங்கே வரும்? 16 லட்சத்தில் தொடங்குகிற மாடி 16 லட்சத்தில் முடிந்து நான் பார்த்ததும் இல்லை. உங்களுக்கு போர்ஷன் வேண்டும் என்றால் உங்கள் சம்பளத்தின் மேல் வீட்டுக்கடன் வாங்கி நீங்கள் கட்டுங்கள். மனை அப்பா பெயரில் இருப்பதால், கட்டுவதற்கு முன்பே அந்தப் பங்கு யாருக்கு என்பதைத் தங்கை முன்னிலையில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் உயில் இரண்டு சாட்சிகளோடு இருந்தால் செல்லும். பதிவு கட்டாயம் இல்லை.

அடுத்து அந்த 1,362 ரூபாய். கேள்வியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், அங்கேதான் விட்டுப்போன பணம் கிடக்கிறது. கம்யூட் செய்த பென்ஷன், அதாவது மொத்தமாக ஒரு தொகையை முன்பே வாங்கிக்கொண்டு அதற்காக விட்டுக்கொடுத்த பங்கு, 15 வருடத்தில் திரும்ப வந்துவிட வேண்டும். 2006-ல் ஓய்வு பெற்றவருக்கு 2021-ல் முடிந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் பிடிக்கிறார்கள்? அவர் ஓய்வு பெற்றது 1.1.2006-க்கும் 2008 செப்டம்பருக்கும் நடுவில். ஆறாவது ஊதியக்குழுவின் உத்தரவு 2008-ல் வந்து, பென்ஷன் பின்தேதியிட்டுக் கூடியது. கூடிய தொகைக்கும் 40 சதவீதம் கம்யூட் செய்துகொள்ளலாம் என்று இரண்டாவது முறை ஒரு தொகை கொடுத்தார்கள். அதனால் இவருக்குப் பிடித்தம் இரண்டு, 15 வருடக் கணக்கும் இரண்டு. முதலாவது 2021-ல் நின்றிருக்கும். இரண்டாவது தொகை எந்த மாதம் கைக்கு வந்ததோ அங்கிருந்து 15 வருடம் எண்ணுங்கள். பழைய பாஸ்புக்கில் 2009 வாக்கில் ஒரு பெரிய வரவு இருக்கும். உதாரணமாக 2009 ஏப்ரலில் இரண்டாவது பிடித்தம் தொடங்கியிருந்தால் 2024 ஏப்ரலிலிருந்து முழுத் தொகை வந்திருக்க வேண்டும். 2026 பிப்ரவரி வரை 23 மாதம், 31,326 ரூபாய் பாக்கி. அகவிலைப்படியில் இழப்பு இல்லை. அது எப்போதுமே கம்யூட் செய்யாத முழு பென்ஷன் மேல்தான். இரண்டாவது தேதி வங்கியின் கணினியில் ஏறாமல் இருப்பதுதான் வழக்கமான காரணம். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), கம்யூட்டேஷன் உத்தரவு, பாஸ்புக் பக்கம் மூன்றின் நகலோடு கிளையில் மனு கொடுத்து, வங்கியின் மத்திய பென்ஷன் மையத்துக்கு அனுப்பச் சொல்லி, நகலில் முத்திரை வாங்குங்கள். ‘சரி பார்க்கிறோம்’ என்று வாயால் சொன்னால் எழுந்து வராதீர்கள்.

இப்போது அம்மாவின் பெயர். பி.பி.ஓ.வில் மனைவி என்ற இடத்தை ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்து பி.பி.ஓ.க்களில் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. ஒர்க்ஸ் பதிவில் ‘சரோஜா’, ஆதாரில் ‘சரோஜாம்மாள்’, பான் அட்டையில் இன்ஷியல் வேறு என்று மூன்று விதமாக நிற்கும். தேதி இல்லாவிட்டால் அம்மாவுக்கு 80 முடிந்தது வங்கிக்குத் தெரியவே தெரியாது, கூடுதல் பென்ஷனும் வராது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் குடும்ப பென்ஷனே நின்று நின்றுதான் வரும். இதைத் திருத்த அப்பா கையெழுத்து இன்று போதும்; நாளை அம்மாவே பிரமாணப் பத்திரமும் கையுமாக அலைய வேண்டியிருக்கும். கடைசியாக வேலை பார்த்த இடத்தில்தான் மனு: லோகோ ஒர்க்ஸ் பணியாளர் அலுவலகத்தின் செட்டில்மென்ட் பிரிவு. ஆதார், பான், கூட்டுப் புகைப்படம், பி.பி.ஓ. நகல் வையுங்கள். திருத்திய பி.பி.ஓ. வந்ததும் வங்கிக் கணக்கையும் ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். அப்படி இருந்தால் அம்மா புதுக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. பென்ஷன் பாக்கிக்கான நாமினேஷன் படிவம் தனி. வங்கிக் கணக்கின் நாமினி அதற்குச் செல்லாது. அந்த 31,326 வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அதை வாங்குபவர் இந்தப் படிவத்தில் இருக்கிறவர்தான்.

தங்கை விஷயம்தான் இவற்றில் அவசரமானது. பென்ஷன்தாரர், அவர் மனைவி இருவருக்கும் பிறகு விதவை, விவாகரத்தான, அல்லது மணமாகாத மகளுக்கு 25 வயதைத் தாண்டியும் குடும்ப பென்ஷன் உண்டு. மறுமணம் செய்துகொள்ளும் வரை, அல்லது வருமான வரம்பைத் தாண்டும் வரை வரும். ‘பிரிந்து வாழ்பவர்’ அதில் இல்லை. பதினொரு வருடம் என்ன, முப்பது வருடம் பிரிந்திருந்தாலும் பதிவில் அவர் மணமானவர்தான். 2017-ல் ஒரு சலுகை வந்தது: பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது தகுதியுள்ள நீதிமன்றத்தில் விவாகரத்து மனு தாக்கலாகியிருந்தால் போதும், தீர்ப்பு அவர்கள் காலத்துக்குப் பின் வந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு. பென்ஷன் தீர்ப்புத் தேதியிலிருந்து. மனுவே போடாமல் இருவரும் போய்விட்டால் அதன் பிறகு எந்தத் தீர்ப்பும் உதவாது.

ஆகவே விவாகரத்தில் தங்கைக்குச் சம்மதம் இருந்தால், மாடிக்கு மேஸ்திரியைப் பார்ப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். சென்னையின் குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. வக்கீல் ஃபீஸ் கவலை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரும். மனு எண் கிடைத்ததும் அதன் நகலோடு, தங்கை பெயரைக் குடும்ப விவரப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி அதே செட்டில்மென்ட் பிரிவில் அப்பா கொடுக்கட்டும். வருமான வரம்பு 9,000-ம் அதன் அகவிலைப்படியும், அதே 58 சதவீதக் கணக்கில் 14,220 ரூபாய். 11,000 சம்பளம் அதற்குள் இருக்கிறது. பென்ஷனுக்காகச் சம்பள உயர்வை இப்போதே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வருமானம் பார்ப்பது அவர் முறை வரும்போதுதான். அப்போது அவருக்கும் அதே 13,860 அடிப்படை.

உயிர்வாழ் சான்று வழக்கமாக நவம்பரில். 80 முடிந்தவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். முப்பத்தெட்டு வருடம் ஸ்பேனரும் அரமும் பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். விரல் ரேகைக் கருவி ‘பொருந்தவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதை விட்டு, ஆண்ட்ராய்டு போனில் முகம் காட்டும் முறையில் எடுத்துவிடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தபால்காரர் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார்.

மருத்துவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி வாங்கச் சொல்வார்கள். அது ரயில்வே மருத்துவமனையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, வெளிநோயாளி சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு. அகரத்தில் இருந்துகொண்டு பெரம்பூர் ஆஸ்பத்திரியை ஆயிரம் ரூபாய்க்கு விட்டுக்கொடுக்க யாரும் நினைக்கக்கூடாது, விதிப்படி கிடைக்கவும் கிடைக்காது. யூமிட் என்ற ரயில்வே மருத்துவ அட்டையில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பல வீடுகளில் மகனின் பழைய சிம் எண்தான் இருக்கும், ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

கடைசியாக, கேட்கவே சங்கடமான ஒன்று. அப்பாவுக்குப் பிறகு அவருடைய ஏ.டி.எம். அட்டையை யாரும் தொடக்கூடாது. பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான். மறுநாளிலிருந்து குடும்ப பென்ஷன். தகவல் சொல்லாமல் முழுத் தொகையை மூன்று மாதம் எடுத்துவிட்டு, பிறகு அதை அம்மாவின் பென்ஷனில் தவணையாகப் பிடிக்க விட்ட குடும்பங்கள் நிறைய. மாநகராட்சியில் 21 நாளைக்குள் பதிந்து, இறப்புச் சான்றில் அப்பாவின் பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.