பையருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பி.காம். முடித்த தங்கள் மகள் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மூன்று மாதமாகியும், வெளிநாட்டு பையர்களுக்கு (ஆடைகளை மொத்தமாக வாங்குபவர்களுக்கு) மின்னஞ்சல் எழுதுவதைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை என்றும், நூற்றுக்கு மேல் எழுதியதில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது என்றும், இதற்காகவா படிக்க வைத்தோம் என்று வீட்டில் எல்லோரும் வருந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கவலை நியாயமானது. ஆனால் வேலையை மாற்றச் சொல்லாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்த ஒரு சந்தையையே நம்பியிருந்த நிறுவனங்கள் பட்ட பாடு தங்களுக்குத் தெரியாததல்ல. புதிய நாட்டில் புதிய பையரைப் பிடித்துத் தருபவரை எந்த முதலாளியும் எளிதில் விட்டுவிட மாட்டார். மாற வேண்டியது எழுதும் முறைதான்.

தாங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். ஆங்கிலத்தில் பிழையில்லை. ஆனால் "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், நாங்கள் பல ஆண்டுகளாகத் தரமான பின்னலாடை தயாரித்து வரும் முன்னணி நிறுவனம்" என்று தொடங்கி, டி-ஷர்ட் முதல் உள்ளாடை வரை எல்லாம் செய்வோம் என்று பட்டியலிட்டு, 'தங்கள் மேலான ஆர்டரை எதிர்நோக்குகிறோம்' என்று முடிகிறது. அதில் தங்கள் மகளின் நிறுவனப் பெயரை எடுத்துவிட்டு அடுத்த தெருவிலுள்ள நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. இத்தகைய மின்னஞ்சல்கள் ஒரு பையருக்கு நாள்தோறும் வந்து குவிகின்றன. அவர் எதற்காக இந்த ஒன்றைத் திறந்து பதில் எழுத வேண்டும்?

எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் படிக்க வேண்டும் என்பதுதான் நான் தங்கள் மகளுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. குழந்தைகளுக்கு ஆர்கானிக் பருத்தி ஆடை விற்கும் சிறிய பிரிட்டன் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் அந்நாட்டைத் தேர்வது பொருத்தமும்கூட. அந்நிறுவனத்தின் இணையக் கடையை நிதானமாகப் பார்த்தால், எந்தத் துணி, என்ன விலை, எந்த அளவு இருப்பில் இல்லை, வாங்கியவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதன் பிறகு இப்படி எழுதலாம் (பாடிசூட் என்பது குழந்தையின் உடலோடு ஒட்டிய ஒற்றை ஆடை; இன்டர்லாக், ரிப் என்பவை பின்னல் துணி வகைகள்; ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை):

"தங்கள் கடையில் 0–3 மாதக் குழந்தைகளுக்கான இன்டர்லாக் பாடிசூட் இரண்டு நிறங்களில் தீர்ந்துவிட்டதாகக் கண்டேன். சலவைக்குப் பின் கழுத்துப்பட்டை தளர்வதாகச் சிலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் இதே வகை ஆடையை 200 ஜி.எஸ்.எம். ஆர்கானிக் இன்டர்லாக்கில், கழுத்துக்கு லைக்ரா கலந்த ரிப் வைத்துத் தைக்கிறோம். நிறத்துக்கு 300 பீஸ் என்றாலும் எடுத்துக்கொள்வோம். தங்கள் அளவு அட்டவணையை அனுப்பினால் ஒரு சாம்பிள் தைத்து அனுப்பலாமா?"

இதில் நிறுவனப் பெருமை எங்கும் இல்லை. பையரின் சிக்கல் ஒன்றும், அதற்கு நம்மிடம் உள்ள விடையும், எளிதாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றும் மட்டுமே இருக்கின்றன. கைபேசியில் விரலால் அதிகம் தள்ளாமலே படித்துவிடலாம். தலைப்பில் 'வணிக வாய்ப்பு' என்று போடாமல், அந்த பாடிசூட்டின் பெயரையே போட வேண்டும். இருபது எம்.பி. கேட்டலாக்கை முதல் மின்னஞ்சலிலேயே இணைக்கக் கூடாது.

மேலே உள்ள 300 பீஸ் என்ற எண்ணைத் தங்கள் மகள் தாமாக எழுதிவிட முடியாது என்பதைக் கவனியுங்கள். சாயப்பட்டறை அவ்வளவு சிறிய லாட்டை எடுக்குமா, கட்டிங் மாஸ்டர் என்ன சொல்கிறார், அந்த அளவில் விலை கட்டுமா என்று கேட்ட பிறகுதான் எழுத முடியும். சான்றிதழும் அப்படியே. காட்ஸ் (GOTS) என்னும் உலக ஆர்கானிக் துணித் தர முத்திரைக்கு நூல் மட்டும் ஆர்கானிக்காக இருந்தால் போதாது. நூற்பு, பின்னல், சாயம், தையல் என ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும். 'ஆர்கானிக்' என்ற தர முத்திரைக்குக் குறைந்தது 95 சதவீத ஆர்கானிக் இழை தேவை. சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலைப் பையர் இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார். இல்லாததை இருப்பதாக ஒரு வரி எழுதினாலும் அந்தக் கதவு அத்துடன் மூடிவிடும். இப்படித் தொழிற்சாலைத் தளத்துக்கும் கணினிக்கும் இடையே நடந்து நடந்துதான் காஸ்டிங் (விலைக் கணக்கு), லேப் டிப் (சாய நிற மாதிரி), சாம்பிள், ஷிப்மென்ட் எல்லாம் தங்கள் மகளுக்குப் பழகும். பையருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டரை நடத்திச் செல்லும் நல்ல மெர்சண்டைசர் உருவாகும் வழி அது.

சட்டத்தையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பதிவுபெற்ற நிறுவனங்களின் முகவரிக்கு முன்அனுமதியின்றி எழுதலாம், தனிநபராகத் தொழில் செய்பவருக்கு அவ்வாறு எழுத முடியாது. ஜெர்மனியில் நிறுவனங்களுக்கேகூட வெளிப்படையான முன்அனுமதி இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவது சட்டத்துக்குப் புறம்பானது. அந்நாட்டுப் பையர்களை வர்த்தகக் கண்காட்சியில் சந்தித்து, இசைவு பெற்று எழுதுவதே முறை. ஜிமெயிலும் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கியிருப்பதால், பெறுபவர்கள் ஸ்பேம் என்று தொடர்ந்து குறித்துவந்தால் நிறுவனத்தின் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) முழுவதும் அடிபடும்; பழைய பையருக்கு அனுப்பும் இன்வாய்ஸ்கூட ஸ்பேமில் போய் விழக்கூடும். என் மாணவர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அறுபது பையர்களின் முகவரிகளை, பெறுபவர் எல்லோருக்கும் தெரியும் சிசி (CC) பகுதியில் போட்டு ஒரே தட்டில் அனுப்பிவிட்டார். நிறுவனத்தின் பையர் பட்டியல் அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. அந்த வேதனையை அவர் இன்னும் மறக்கவில்லை.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக, துணியின் படம் போன்ற புதிய செய்தி ஒன்றுடன் இரண்டு வரி எழுதலாம். அதற்குப் பிறகு மேலும் ஒரு முறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'என் மின்னஞ்சலைப் பார்த்தீர்களா' என்று மட்டும் கேட்பதில் பயனில்லை.

வரும் வாரம் ஐம்பது பேருக்குப் பதிலாக ஐந்து நிறுவனங்களைத் தேர்ந்து எழுத மேலாளரிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அந்த ஐந்தையும் அனுப்புவதற்கு முன், நிறுவனப் பெயர்களையும் விலையையும் மறைத்து எனக்கு ஒரு நகல் அனுப்பினால், வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.