வந்து வந்து நின்றுபோகும் விமானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(விமான நிறுவனம் ஒன்றின் வழித்தடத் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சேலத்துக்காரர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அம்மா, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் காமலாபுரம் விமான நிலையம் தெரியும். 1993-இல் திறந்தார்கள். அன்றிலிருந்து விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருக்கிறது. சேலத்தில் பணம் இல்லையா, போக ஆள் இல்லையா? என்னதான் குறை?
– வாசகர், ஓமலூர்

பணமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள் ஐயா. தொண்ணூறுகளில் என்.இ.பி.சி. வந்து நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு மலிவாக விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உதான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது, 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ‘கூட்டம் இல்லை’ என்ற காரணம்தான் காதில் விழும். அதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டம் எப்படிக் கலைகிறது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக ஒரு நாள் அட்டவணை இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிக்குள் ஆறேழு முறை அது ஏறி இறங்க வேண்டும், அப்போதுதான் வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாகும். காலை ஏழும் மாலை ஏழும் தங்கமான நேரங்கள். அவற்றைப் பெரிய ஊர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் விழும் இடைவெளியில்தான் சின்ன ஊரைச் செருகுவார்கள். சென்னையிலிருந்து முற்பகலில் ஒரு விமானம் வந்து, அரை மணி நேரம் நின்று, திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர் சென்னையில் ஒரு மணி நேர வேலைக்காகப் போனால், திரும்பி வர மறுநாள்தான் விமானம். அதற்கு அவர் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போய், வேலையை முடித்து, அடுத்த ராத்திரியே திரும்பிவிடுவார். இல்லையென்றால் வந்தே பாரத். சேலத்தில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். ஊரிலிருந்து காமலாபுரம் போய், ஒரு மணி நேரம் முன்னால் காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் வருவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும்.

இது ஒரு பக்கம். இன்னொன்று, என்னை இப்போதும் வருத்துவது. ஒரு விமானம் பழுதாகி நின்றுவிட்டால், அன்றைக்கு எந்த ஊர்ப் பயணத்தை ரத்து செய்வது என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். பெங்களூரில் இறங்கி அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். சின்ன ஊர்தான் பலியாகும். அந்த மாதத்தில் அப்படி நாலைந்து முறை நடந்தால், கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்பி நின்றவர் ஏமாந்து, இனி இதை நம்ப முடியாது என்று ரயில் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து வைப்பார். ஆறு மாதம் கழித்து மேஜைக்கு வரும் அறிக்கையில் இருக்கைகள் நிரம்பும் சராசரி சரிந்திருக்கும். ‘தேவை குறைவு’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். தேவை குறைந்ததா, நம்பிக்கை போனதா என்று அந்த அறிக்கையில் கேட்க இடமே இருக்காது.

ஓடுபாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காமலாபுரத்தில் 1,806 மீட்டர். இதில் ஏடிஆர் ரகம், அதாவது எழுபது, எழுபத்தெட்டுப் பேர் உட்காரும் காற்றாடி விமானம் தாராளமாக இறங்கும். ஏர்பஸ் ஏ320 ஆள் நிரப்பிக்கொண்டு கிளம்ப அது போதாது. ஏடிஆர் வைத்திருக்கும் நிறுவனங்களை இந்தியாவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிடம் உங்களைப்போல எத்தனையோ ஊர்கள் வரிசையில் நிற்கின்றன.

உதான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய் என்றார்கள். நான் தேடும்போதெல்லாம் நாலாயிரம், ஐயாயிரம் காட்டுகிறது. ஏமாற்றா மேடம்?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

ஏமாற்று இல்லை மகளே. அந்த உச்சவரம்பு விமானத்தின் பாதி இருக்கைகளுக்குத்தான், அதுவும் உதானில் ஏலம் எடுத்த வழித்தடத்துக்கு மட்டும்தான். அந்த இருக்கைகளில் ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருடத்துக்கு மானியம் உண்டு. பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களின் மேல் போடும் ஒரு தீர்வையிலிருந்து அதன் பெரும்பகுதி வருகிறது, மாநில அரசு 20 சதவீதம் போடுகிறது. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு 29 சதவீதமாக இருக்கும் வாட் வரியும் உதான் நிலையங்களில் 1 சதவீதம்தான். மூன்று வருடம் முடிந்ததும் மானியமும் கட்டண வரம்பும் போய்விடும்.

அந்த மூன்று வருடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். மத்திய தணிக்கைத் துறை 2023-இல் கொடுத்த அறிக்கையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உதானின் முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் பறக்க ஆரம்பித்தவையே 371. மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்கப்புறமும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54. முதல் சுற்றில் கொடுத்த 128-இல் 84 வழித்தடங்களை ஏர் ஒடிசா, ஏர் டெக்கான் என்ற இரண்டு சின்ன நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். நமது சேலம்–பெங்களூரும் நெய்வேலி–சென்னையும் ஏர் ஒடிசாவிடம் போயின. அத்தனை ஊர்களுக்குப் பறக்க அவர்களிடம் விமானம் ஏது?

சின்ன ஊரில் விமானம் ஜெயித்த கதை ஒன்றாவது உண்டா?
– வாசகர், நாமக்கல்

உண்டு. பீகாரில் தர்பங்கா. 2020 நவம்பரில் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையையே பயன்படுத்தி, ஒரு சிறிய முனையத்தைக் கட்டித் தொடங்கினார்கள். உள்ளே இடம் போதாமல் ஜனங்கள் வெளியே காத்து நிற்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. காரணம் எளிது. மிதிலைப் பகுதியிலிருந்து டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பிழைக்கப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ரயிலில் டெல்லிக்கே ஏறக்குறைய ஒரு நாள், மும்பை, பெங்களூர் என்றால் அதற்கும் மேல். பக்கத்து விமான நிலையமான பாட்னாவுக்கே பல மணி நேரச் சாலைப் பயணம். முதல் நாளிலிருந்தே போயிங் 737, நேராகப் பெருநகரங்களுக்கு.

தலைநகருக்குத்தான் முதல் விமானம் வேண்டும் என்று நம்மூரில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ரயிலும் பஸ்ஸும் நன்றாக ஓடும் 340 கிலோமீட்டரில் போய் விமானத்தை மோத விடுகிறோம். நம்ம ஜவ்வரிசி போகிற மகாராஷ்டிராவையும் ஹைதராபாத்தையும் யோசித்தால் கணக்கே வேறு. 2023-இல் ஹைதராபாத் விமானம் வந்தபோது நான் அதிகம் சந்தோஷப்பட்டது அதனால்தான்.

ஓடுபாதையை நீட்ட எங்கள் நிலத்தைக் கேட்கிறார்கள். மூன்று போகம் விளையும் பூமி. கொடுத்தால் ஊர் முன்னேறும் என்கிறார்கள். நீங்கள் விமானக்காரர், உண்மையைச் சொல்லுங்கள்.
– விவசாயி, பொட்டியபுரம்

ஐயா, சேலத்துக்குப் பெரிய விமானம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். ஆனாலும் சொல்கிறேன், ஓடுபாதை நீண்டால் விமானம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலங்கையில் மத்தள விமான நிலையத்தைப் பாருங்கள். சீனக் கடனில் கட்டி 2013 மார்ச்சில் திறந்தார்கள், ஓடுபாதை 3,500 மீட்டர். 2015 ஜனவரியில் அந்த நாட்டின் சொந்த விமான நிறுவனமே அங்கிருந்து கிளம்பிவிட்டது. சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர் 2021-இல் சர்வதேச நிலையமாகத் திறந்தது. டெல்லி விமானம் கொஞ்ச நாள் வந்து நின்றுபோனது.

தூத்துக்குடி வாகைகுளம் வேறு மாதிரி. 1,350 மீட்டர் ஓடுபாதையில் சின்ன விமானங்கள் வருடக்கணக்காக நன்றாக ஓடின. துறைமுகம் இருக்கிறது, திருநெல்வேலியும் திருச்செந்தூரும் பக்கத்தில். அப்புறம்தான் 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். அந்த வரிசை சரி. இங்கேயோ நாலு கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் என்று 2018-இலேயே அளவெடுக்க வந்துவிட்டார்கள். காலையும் மாலையும் ஏடிஆர் நிரம்பி ஓடட்டும், இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து ஓடட்டும். அதற்குப் பிறகு உங்கள் வாசலுக்கு வந்து கேட்பதுதான் நியாயம் என்பது என் முடிவான கருத்து. அதுவரை உங்கள் கிணற்றையும் தென்னையையும் யாரும் தொடக்கூடாது.

எங்கட யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சென்னை விமானம் வந்தது, நின்றது, திரும்பவும் வந்திருக்கிறது. இந்தத் தடவையாவது நிலைக்குமா அக்கா?
– வாசகர், சுன்னாகம்

நிலைக்கும் என்று நம்புகிறேன் தம்பி, காரணத்தோடு. 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியது, சில மாதத்தில் கோவிட் வந்து நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது, 2025-இல் திருச்சி விமானமும். உங்களுக்கு மாற்றுவழி, ஏழெட்டு மணி நேரம் கொழும்புக்குப் போய் அங்கிருந்து பறப்பது. அந்த அலைச்சல் இருக்கும்வரை, கல்யாணப் புடவைக்கும் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்கள் இந்த விமானத்தை விட மாட்டார்கள்.

வேலூருக்கு எப்போது?
– வாசகர், காட்பாடி

வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கு 19 பேர் ஏறும் விமானம்தான் பேச்சு. வேலூருக்கு வெளியூரிலிருந்து அதிகம் வருவது சி.எம்.சி. மருத்துவமனைக்கு, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும். அவ்வளவு தூரம் இந்தக் குட்டி விமானம் வராது. அந்த நோயாளிகளுக்கு இப்போதைக்கு உதவக்கூடியது சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூருக்குப் படுக்கை வசதியோடு, நேரம் தவறாத ஒரு பேருந்து. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும்.

எங்கள் சங்கத்தில் வருடா வருடம் அமைச்சருக்கு மனு கொடுக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
– ஜவுளி வியாபாரி, இளம்பிள்ளை

மனுவை விட்டுவிட்டுக் கணக்கைக் கொடுங்கள். எங்களிடம் வந்த மனுக்களில் பெரும்பாலும் ‘மாவட்டத்தின் நீண்டநாள் கோரிக்கை’ என்று இருக்கும், அதை வைத்து ஒரு இருக்கையைக்கூட நிரப்ப முடியாது. ஒரு முறை ஒரு சின்ன ஊர் வியாபாரிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். யார் எந்த ஊருக்கு, மாதம் எத்தனை பயணம், எந்தக் கிழமை, இப்போது எந்த விமான நிலையத்துக்குக் கார் பிடித்துப் போகிறார்கள், காருக்கு என்ன செலவு என்று பக்கம் பக்கமாகக் கைப்பட எழுதியிருந்தது. எங்கள் மேலாளர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை.

இளம்பிள்ளை, தாரமங்கலம், திருச்செங்கோடு, நாமக்கல், தர்மபுரி எல்லோரும் சேர்ந்து இதைச் செய்யுங்கள். கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் காரில் போய் விமானம் ஏறும் நம்ம ஜனங்கள் எத்தனை பேர் என்பது எந்த நிறுவனத்தின் கணினியிலும் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அப்புறம், காலையும் மாலையும் இரண்டு முறை வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஒரு மத்தியான விமானத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். மாநில அரசிடம் புதுக் கட்டடத்துக்குப் பதிலாக, காலி இருக்கைக்கு ஈடு கொடுக்கும் ஒப்பந்தம் கேளுங்கள். ஆந்திர அரசு கடப்பாவுக்கு அப்படித்தான் இண்டிகோவை வரவழைத்தது. அமெரிக்காவில் 1978-இல் விமானத் துறையைத் திறந்துவிட்டபோதே, சின்ன ஊர்கள் அநாதையாகிவிடும் என்று மானியத்தைச் சட்டத்தில் எழுதினார்கள், இன்றுவரை கொடுக்கிறார்கள். சாலைக்கும் பஸ்ஸுக்கும் அரசுப் பணம் போகலாம் என்றால் இதற்கும் போகலாம்.

சேலத்திலிருந்து ஹைதராபாத் வழியாக டெல்லி போகிறேன். தனித்தனி டிக்கெட் எடுத்தால் சில சமயம் மலிவு. எடுக்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

ஒரே டிக்கெட்டாக எடுங்கள் அம்மா. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது, பெட்டியும் நேராக டெல்லியில் கைக்கு வரும். தனித்தனியாக எடுத்தால், தவறவிட்ட விமானத்தின் பணம் போனதுதான். அதோடு, ஒரே டிக்கெட் என்றால் கணினியில் ‘சேலம்–டெல்லி, ஒருவர்’ என்று பதிவாகும். பிரித்து எடுத்தால் நீங்கள் வெறும் ஹைதராபாத் பயணி. அடுத்த அட்டவணை போடுகிறவர்கள் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.