அக்னி நட்சத்திரத்தில் குளிர்ந்த மழை: முற்றிய மல்லாட்டையைப் பிடுங்குவதா, காத்திருப்பதா?

கேள்வி: ஐயா, வணக்கம். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை வட்டாரத்தில், கடற்கரைக்குச் சற்று உள்ளே எங்கள் நிலம் இருக்கிறது. மணற்சாரி மண். தை மூன்றாம் வாரத்தில் ஒன்றரை ஏக்கரில் கொத்து ரக மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்தேன். இன்றோடு 98 நாள் ஆகிறது. அக்னி நட்சத்திரம் நடக்கும் இந்த நேரத்தில் நான்கு நாளாக வெயிலே இல்லை. கடல்காற்று பலமாக வீசுகிறது, காலையில் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர்கிறது, இரண்டு இரவு இடியோடு நல்ல மழை. பள்ளப் பகுதியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றது. அங்கே இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலைந்து காய் உள்ளேயே முளைவிட்டிருக்கிறது. இலையில் கரும்புள்ளியும் அதிகம். உடனே பிடுங்கு என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். 105 நாள் ஆகாமல் தொடாதே என்கிறார் என் அண்ணன். இன்னும் இரண்டு நாள் மழை உண்டு என்று வானொலியில் சொல்கிறார்கள். மருந்து அடிக்கலாமா? பிடுங்கினால் எங்கே காயவைப்பது? கொடியை மாட்டுக்குப் போடலாமா? மாசியில் விதைத்த எள்ளும் அரை ஏக்கர் நிற்கிறது, 72 நாள்.

பதில்: வணக்கம். உங்கள் கேள்விக்கு நாள் கணக்கை வைத்து விடை சொல்ல முடியாது. உங்கள் அண்ணன் சொல்லும் 105 நாளும் பக்கத்து நிலத்துக்காரர் காட்டும் அவசரமும் இரண்டுமே அனுபவத்திலிருந்து வருபவைதான். ஆனால் இந்த வாரம் அறுவடை நாளைத் தீர்மானிக்க வேண்டியது காயின் ஓட்டுக்கு உள்பக்கம். அதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்வதற்கு முன், இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது, எப்படி முடியும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிடுங்கும் நாளை முடிவு செய்ய அது உங்களுக்கு உதவும்.

வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் மட்டுமின்றிச் சித்திரை, வைகாசியிலும் புயல் உருவாகும். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் லைலா, 2016இல் ரோனு, 2022இல் அசானி ஆகிய மூன்றும் நம் கரையைக் கடக்காமல் வடக்கு நோக்கிச் சென்றவைதான். ஆனாலும் அந்த நாட்களில் வட தமிழகக் கடலோரத்தில் கத்திரி வெயிலுக்கு நடுவே மேகமும் மழையும் குளிர்ந்த காற்றும் இருந்தன. புயலோ தாழ்வு மண்டலமோ கடலில் நிற்கும்வரை அதன் மேகக்கூட்டம் வெயிலை மறைக்கும்; அது வடக்கே விலகியதும் காற்றின் திசை மாறி, மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று அடிக்கத் தொடங்கும், வெயில் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். அப்போது நனைந்த மணற்சாரி மண்ணின் மேற்பரப்பு இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும். இறுகிய மண்ணில் செடியை இழுத்தால் கொடி கைக்கு வரும், காயைச் செடியோடு இணைக்கும் விழுது அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போகும் நல்ல அவகாசம், மழை நின்று மண் கையில் ஒட்டாமல் உதிரத் தொடங்கும் நேரத்துக்கும் மேல்மண் இறுகும் நேரத்துக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நாள்தான்.

குளிர்ச்சியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 37 டிகிரியைத் தொடும் மே மாத வெயிலைவிட 28, 30 டிகிரி வெப்பம் நிலக்கடலைக்கு உகந்ததே. மேகமூட்டத்தால் கடைசியாகப் பிடித்த பிஞ்சுகளில் பருப்பு நிறைவது கொஞ்சம் தாமதப்படும், அவ்வளவுதான். கெடுதல் செய்வது காயைச் சுற்றி விடாமல் நிற்கும் ஈரம். தரையில் படரும் கொடி ரகங்களின் பருப்புக்கு அறுவடைக்குப் பின் சில வாரங்கள் உறக்கம் உண்டு. ஈரம் பட்டாலும் முளைக்காது. கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறக்கம் இல்லை, அல்லது மிகக் குறைவு. முற்றிய பருப்புக்கு ஈரம் கிடைத்தால் அது தாய்ச்செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும். ஆணிவேரை ஒட்டி முதலில் பிடித்த காய்கள்தான் முதலில் முற்றியவை, நல்ல எடையுள்ளவையும் அவையே. அவற்றில்தான் முளையும் முதலில் வரும். காத்திருப்பதால் பிஞ்சுகளில் வரும் எடையைவிட, முளைத்துப் போகும் இந்தக் காய்களில் போகும் எடை அதிகமாகிவிடக்கூடாது.

இப்போது சோதனை. பள்ளத்தை விட்டுவிட்டு, மேட்டுப் பகுதியில் ஐந்து இடங்களில் இடத்துக்கு இரண்டு செடியாகப் பத்துச் செடிகளை எடுங்கள். வரப்போரச் செடி வேண்டாம், அது எப்போதும் ஏமாற்றும். எல்லாக் காய்களையும் ஆய்ந்து (செடியிலிருந்து பறித்து), பருப்பில்லாத பொக்கையும் ஊசிப் பிஞ்சையும் நீக்கி, நூறு காய்களை எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றாக உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்து, பருப்பின் தோல் வெளிறிய நிறத்தில் இருந்தால் அந்தக் காய் முற்றவில்லை. பஞ்சு வற்றி, பருப்பு பதிந்திருந்த இடத்தில் காப்பிப்பொடி அப்பியதுபோலப் பழுப்போ கறுப்போ படர்ந்திருந்தால் அது முற்றிய காய். நூற்றில் 75 காய் இப்படி இருந்தால், 98 நாளானாலும் பிடுங்கிவிடலாம். 60க்கும் கீழே இருந்து, முளைவிட்ட காய் ஒன்றிரண்டு மட்டுமே தென்பட்டால், தண்ணீரை வடித்துவிட்டு நான்கைந்து நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருந்தால் முளைத்த காயின் எண்ணிக்கை முடிவு செய்யட்டும்: நூற்றில் ஐந்துக்கு மேல் முளை கண்டால் காத்திருக்க வேண்டாம் என்பது நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவரும் கணக்கு.

பள்ளப் பகுதிக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அங்கே விழுதுகள் அழுகத் தொடங்கியிருக்கும், முளையும் வந்துவிட்டது. இன்றே ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் இழுத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, மழை ஓயும் முதல் இடைவெளியில் அந்தப் பகுதியை மட்டும் பிடுங்குங்கள். அந்தக் காயை மேட்டுக் காயோடு எந்தக் கட்டத்திலும் கலக்கவே கலக்காதீர்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மேட்டுப் பகுதியில், வானொலி சொன்ன அந்த இரண்டு நாள் மழை முடியும்வரை பிடுங்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் முற்றிய காய்க்கு இரண்டு நாள் மழையால் வரும் கேட்டைவிட, பிடுங்கிக் களத்தில் போட்ட காய்க்கு அதே மழையால் வரும் கேடு பல மடங்கு.

இலையில் தெரியும் கரும்புள்ளி பின்பருவ இலைப்புள்ளி நோயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும். இருந்தாலும் உங்கள் பயிருக்கு மருந்து அடிக்காதீர்கள். பத்து நாளுக்குள் பிடுங்கப்போகும் செடிக்கு அதனால் ஒரு படி காய்கூட அதிகமாகக் கிடைக்காது. மருந்து கொடியில் தங்கி மாட்டின் வயிற்றுக்குத்தான் போகும். உங்கள் பக்கத்தில் 60, 65 நாள் பயிர் வைத்திருப்பவர்கள் மட்டும், மழை விட்ட பின் மேன்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கலந்து, இலையின் ஈரம் உலர்ந்த நேரத்தில் தெளிக்கலாம்.

காயவைப்பதுதான் இந்தப் பருவநிலையில் உண்மையான வேலை. பிடுங்கிய செடியை மண் உதிர உதறி, கொடி கீழேயும் காய் மேலேயும் இருக்குமாறு தலைகீழாக வரிசையாகச் சாய்த்து வையுங்கள். காய் மண்ணைத் தொடக்கூடாது, காற்று அதன்மீது பட வேண்டும். மழை மிரட்டினால் சிறு கட்டுகளாகக் கட்டி, உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் சவுக்குக் கம்புகளைக் கொட்டகைக்குள் குறுக்கே கட்டி, அவற்றில் காய்ப்பக்கம் வெளியே தெரியுமாறு மாட்டித் தொங்கவிடுங்கள். கொட்டகை இல்லாவிட்டால் திண்ணை, மாட்டுக் கொட்டிலின் ஒரு பகுதி, எதுவானாலும் சரி, காற்றோட்டம் இருந்தால் போதும்.

செய்யக்கூடாதது, ஈரச்செடியைக் குவித்துப் படுதா போட்டு மூடுவது. மழைக்குப் பயந்து எல்லோரும் செய்வது அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு வைகாசி மழையின்போது, மூன்று நாள் மூடி வைத்திருந்த ஒரு குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன். சோறு வடித்த பானையைத் தொட்டதுபோல் சுட்டது. வெளியே எடுத்த காய் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. உடைத்தபோது பருப்பின் இடுக்கில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருந்தது. அந்தக் குடும்பம் மூன்று மாதம் உழைத்த கடலை அது. அதை எதற்கும் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

அந்தத் தூள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சாணம். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கக்கூடியது. வீட்டில் வறுப்பதாலோ அவிப்பதாலோ முழுவதும் அழியாது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது ஆராய்ந்து பார்த்ததில்தான், அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பது தெரியவந்தது. கெட்ட காயைச் செக்கில் கொடுத்து அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். ஆகையால் பூசணம் கண்டவற்றை விற்காமல், செக்குக்கும் கொடுக்காமல், கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். முளைத்த காய், மண்வெட்டி பட்டு உடைந்த காய், ஓட்டில் பூச்சித் துளையுள்ள காய் மூன்றையும் ஆயும்போதே தனிக் கூடையில் போடுங்கள். பூசணம் முதலில் நுழைவது அவற்றின் வழியாகத்தான்.

ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் இரண்டு விரல்கடை கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாளைக்கு நான்கைந்து முறை கிளறிவிடுங்கள். மாலையில் கூட்டிக் கொட்டகைக்குள் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இரவு முழுக்க மூடினால் உள்ளே வியர்த்து, பகலில் போன ஈரம் திரும்ப வந்துவிடும். விதைக்கு ஒதுக்கும் காயை உச்சிவெயிலில் காட்டாமல், காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் மட்டும் உலர்த்துங்கள். பிடுங்கும்போது காயில் 40 விழுக்காடு அளவுக்கு ஈரம் இருக்கும். அது 8 விழுக்காட்டுக்கு வர வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்: ஒரு கைப்பிடி காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பருப்பின் தோல் உரியும். அதன் பிறகு சணல் சாக்கில் கட்டிப் பலகைமேல் அடுக்குங்கள். காலியான உரச் சாக்கு வேண்டாம்.

கொடியை மாட்டுக்குத் தாராளமாகப் போடலாம். மருந்து அடிக்கவில்லை என்பதால் அந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் மழையில் நனைந்த பச்சைக் கொடியை வெறும் வயிற்றில் அதிகமாகத் தின்றால் வயிறு உப்பிவிடும். முதலில் வைக்கோல் போட்டுவிட்டு, பாதி நாள் வாடிய கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முடைநாற்றமோ வெண்பூசணமோ உள்ள கொடி எருக்குழிக்குப் போகட்டும்.

எள்ளைப் பொறுத்தவரை நீங்கள் இன்றே கவனிக்க வேண்டியது வடிகால். கடலை தாங்கும் ஈரத்தை எள் தாங்காது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகி நின்றபடியே வாடும். அடியிலைகள் கால்பங்கு உதிர்ந்து, தண்டும் பாதிவரை உள்ள காய்களும் மஞ்சளித்திருந்தால், அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். விதை அந்த ரகத்தின் நிறத்துக்கு வந்திருந்தால் மழை விட்டதும் அறுத்துவிடலாம். வழக்கமாக நுனி உள்ளேயும் அடி வெளியேயும் வைத்து மூன்று நான்கு நாள் போர் போடுவோம். இந்த முறை அதைத் தவிர்த்து, சிறு கட்டுகளாகக் கட்டிக் கொட்டகைக்குள் தார்ப்பாயின்மேல் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். காய் வெடித்து விழும் விதை தார்ப்பாயிலேயே தங்கும்.

இன்னும் ஒன்று. பயிர்க் காப்பீடு செய்திருந்து, உங்கள் பகுதிக்கு இந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருந்தால், அறுவடை செய்து வயலிலேயே உலர்த்தப் பரப்பியிருக்கும் பயிர் புயல்மழையாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டாலும், அறுத்த நாளிலிருந்து 14 நாள்வரை பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு கோர இடமுண்டு. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இன்று பள்ளத்தில் வாய்க்கால் இழுப்பதற்கு முன் தேங்கிய தண்ணீரையும் முளைத்த காய்களையும் கைபேசியில் படம் எடுத்து, புல எண்ணோடு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.