முதலில் அந்தப் பத்துப் பேர் பட்டியலை எடுங்கள்

கேள்வி: வானியல் ஆர்வலர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். எந்த டெலஸ்கோப் வாங்கலாம், டெலஸ்கோப்புக்கான கண்ணாடியை நாமே தேய்த்துச் செய்வது எப்படி, நிலாவைப் படமெடுப்பது எப்படி என்று கேள்வியும் பதிலுமாக நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கலகலப்பாகட்டும் என்று எட்டு மாதம் முன்பு புள்ளி முறை கொண்டுவந்தேன். பதிவுக்கு 5, பதிலுக்கு 3, லைக்குக்கு 1. முகப்பில் முதல் பத்துப் பேரின் பட்டியல். பதிவுகளை நீக்கும் அதிகாரமும் புள்ளியைப் பொறுத்தே. இப்போது பதிவுகள் மூன்று மடங்கு. ஆனால் படிக்கத்தான் ஒன்றுமில்லை. கண்ணாடி தேய்ப்பதில் எங்கள் எல்லோருக்கும் குருவாக இருந்தவர் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. புள்ளிகளை மொத்தமாக அழித்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழிக்க வேண்டாம், தோழி. அந்தப் பத்துப் பேர் பட்டியலை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உறுப்பினர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். பதிவு போட்டால் 5 என்றீர்கள், போட்டார்கள். ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதுபவருக்கும் 3, ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளக்கம் எழுதுபவருக்கும் அதே 3. இதைப் பார்த்த பிறகு உங்கள் குரு என்ன நினைத்திருப்பார்? நானும் ஒரு குழுவில் நான்காம் இடத்தில் இருந்தவன். மூன்றாம் இடத்தைப் பிடிக்க அவசர அவசரமாக நான் எழுதித் தள்ளிய பதில்களை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2008இல் தொடங்கியது. அங்கே எழுதியதற்காகப் புள்ளி கிடையாது. பதில் பயனுள்ளது என்று வேறொருவர் வாக்களித்தால் 10. கேள்வி கேட்டவரே ‘இதுதான் விடை’ என்று ஏற்றுக்கொண்டால் 15. வாக்குகளால் ஒரு நாளில் சேர்க்கக்கூடியது 200தான். பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் போடுபவருக்கும் ஒரு புள்ளி போய்விடும், அதனால் கை கொஞ்சம் தயங்கும். இவ்வளவு பூட்டு போட்டும் அங்கே குறை இல்லாமலில்லை. எப்போதோ ஒரு எளிய கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு இன்றும் புள்ளி வந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருக்க, பதிவு போட்டதற்கே 5 கொடுக்கும் உங்கள் கணக்கு என்ன பாடுபடும்!

உங்கள் தவறு எண்ணைக் கூட்டிக் குறைத்ததில் இல்லை. ஒரே எண்ணை நன்றி சொல்லவும், யார் பேச்சை நம்பலாம் என்று காட்டவும், யாருக்கு அதிகாரம் என்று தீர்மானிக்கவும் வைத்திருக்கிறீர்கள்.

நம்பிக்கை விஷயம்தான் எனக்குக் கவலை. புதிதாக வந்த ஒருவர் சூரியனைப் பார்க்க எந்த ஃபில்ட்டர் வேண்டும் என்று கேட்கிறார் என்று வையுங்கள். நிலாப் படங்கள் போட்டே 4,000 புள்ளி சேர்த்தவர், ‘கறுப்புக் கண்ணாடி எதுவானாலும் போதும்’ என்கிறார். சரியான ஃபில்ட்டர் இல்லாமல் டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் நொடியில் போய்விடும். விஷயம் தெரிந்தவர் அதைக் கீழே எழுதியிருப்பார், ஆனால் அவருக்குப் புள்ளி 60. புதியவர் யாரை நம்புவார்? அதனால் பெயருக்குப் பக்கத்தில் மொத்த எண் வேண்டாம். ‘கண்ணாடி தேய்ப்பதில் 40 பேருக்கு உதவியவர்’ என்று துறை வாரியாக இருக்கட்டும், அதுவும் கேள்வி கேட்டவர் ‘உதவியது’ என்று குறித்தால் மட்டுமே ஏறட்டும். இதிலும் இரண்டு நண்பர்கள் மாறி மாறிக் குறித்துக்கொள்வார்கள். உங்கள் அளவுக் குழுவில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

அதிகாரத்தை எந்த எண்ணோடும் கட்டாதீர்கள். பதிவை நீக்க, சண்டையை விலக்க யார் வேண்டும் என்று நீங்களே பார்த்து, கேட்டு, ஆறு மாதத்துக்கென்று கொடுங்கள். அதிகம் எழுதுபவருக்கு நடுநிலை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் இருப்பதுமில்லை.

நன்றிக்கு வருவோம். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் செய்த சோதனை ஒன்று உண்டு. படம் வரையப் பிடித்த சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசே இல்லாமல் விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. முன்னாலேயே விலை பேசியதுதான் கெடுத்தது.

விக்கிப்பீடியாவில் ‘பதக்கம்’ என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும், யாருக்கு வேண்டுமானாலும், இன்ன வேலைக்காக என்று இரண்டு வரி எழுதி அவருடைய பேச்சுப் பக்கத்தில் வைக்கலாம். பணமில்லை, எந்த உரிமையும் கூட வராது. 2012இல் வெளியான ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகத் தீவிரமாக எழுதும் ஒரு சதவீதத்தினரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 90 நாட்களில் அவர்களுடைய உழைப்பு, கிடைக்காதவர்களைவிட 60 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் அது ஒரு சின்னப் படமும் நாலு வார்த்தையும்தான். உங்கள் குழுவிலும் இப்படி ஒன்று தொடங்குங்கள். ‘மாதத்துக்கு ஒன்று’ என்று மட்டும் கணக்கு வைத்துவிடாதீர்கள், அடுத்த மாதமே யாருக்கு என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பழைய புள்ளிகளை அப்படியே நிறுத்தி, அவரவர் பக்கத்தில் அவரவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். எட்டு மாதம் சேர்த்ததை ஒரே நாளில் பூஜ்யமாக்கினால், ஒழுங்காக எழுதியவருக்கும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். மற்றவற்றை மாற்றப் போகிறீர்கள் என்பதையும் ஏன் என்பதையும் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘முறையைத் தப்பாக வைத்தது நான்தான்’ என்று சேர்த்துச் சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

அந்தக் கண்ணாடி குருவுக்குத் தனியாக எழுதுங்கள். ‘உங்களைப் போன்றவர்கள் குழுவுக்குத் தேவை’ என்று எழுத வேண்டாம், அது எல்லாரும் எல்லாருக்கும் எழுதுவது. பழைய பதிவுகளைத் தேடுங்கள். அவர் சொன்ன எந்தப் பதிலால் யாருடைய கண்ணாடி முதல் தடவையாகச் சரியான வளைவுக்கு வந்தது, அதில் அந்த உறுப்பினர் பார்த்த முதல் பொருள் சனியா வியாழனா என்று கண்டுபிடித்து, அதை எழுதுங்கள்.