இடர் தகவல் தொடர்பு ஆய்வில் பணிவாழ்வு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். அபாயங்களை மக்களிடம் எவ்வாறு எடுத்துரைப்பது, முடிவெடுப்பதில் அவர்களை எவ்வாறு பங்கேற்கச் செய்வது என்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். என்ன படிக்க வேண்டும்? சென்னையில் வேலை கிடைக்குமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: இடர் தகவல் தொடர்பு ஆய்வாளர் என்ற பெயரில் இங்கே வேலை விளம்பரங்கள் வெளிவருவது அரிது. ஆனால் பேரிடர் மேலாண்மை, பொது சுகாதாரம், மீனவர் நலன், நகரத் திட்டமிடல் சார்ந்த ஆய்வுத் திட்டங்களில் இந்தப் பணி வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பதவியின் பெயரைக் கொண்டு தேடாமல், திட்ட விவரங்களைப் படித்துத் தேடுங்கள்.

இத்துறையை விளம்பரப் பணியாகவோ விழிப்புணர்வுப் பிரசாரமாகவோ பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்துடன் வருபவர்கள் விரைவில் சலிப்படைகிறார்கள். சென்னையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பொறியாளருக்கு அந்த எண் முழுமையான செய்தி. ஜாபர்கான்பேட்டையிலோ கோட்டூர்புரத்திலோ அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்கோ, தம் தெருவுக்குத் தண்ணீர் வருமா, எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு உயரம் நிற்கும், குழந்தைகளையும் முதியவர்களையும் எங்கே கொண்டு செல்வது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அது விடை சொல்லாது. எந்தச் செய்தி, யார் வாயிலாக, எப்போது வந்தால் ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேறும் என்பதை முறையாகக் கண்டறிவதே ஆய்வாளரின் வேலை. அதற்கு நேர்காணல், கணக்கெடுப்பு வடிவமைப்பு, புள்ளியியல் ஆகிய மூன்றிலும் பயிற்சி வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் படித்த உங்களுக்கு முதல் இரண்டும் புதியவையாக இருக்கும்.

கோட்பாட்டு அடித்தளத்துக்கு இரண்டு கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். பொதுமக்கள் அபாயத்தை அஞ்சுவது இறப்பு எண்ணிக்கையை மட்டும் கொண்டல்ல. அச்சம், அபாயம் புதியதாகவும் அறியப்படாததாகவும் இருப்பது, தம் கட்டுப்பாட்டில் இல்லாமை போன்றவையும் அதில் கலந்திருக்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-ல் விளக்கினார். 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். தகவல் தெரிவிப்பதும் கருத்துக் கேட்பதும் அதில் மூன்றாம், நான்காம் படிகளே. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது அவற்றுக்கும் மேலே உள்ளது.

இந்த ஏணியை வைத்து அளந்து பார்க்க, உங்கள் பணியோடு தொடர்புடைய, திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைவிடச் சிறந்த களம் இல்லை. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். வந்தவர்களுக்குப் பேச வாய்ப்பளிக்க வேண்டும். இவ்வளவு பொது ஆவணங்கள் இருந்தும், எண்ணூர், மணலி வட்டாரத்தில் ஒரு மீனவப் பெண் எழுப்பிய ஐயம் கூட்டக் குறிப்பில் எந்தச் சொற்களில் பதிவாகிறது, பின்னர் அனுமதி நிபந்தனைகளில் அது எஞ்சுகிறதா என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடரும் ஆய்வுகள் நமக்கு மிகவும் தேவை. முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் கருத்து. தமிழில் பேசப்பட்டதைத் தமிழிலேயே பகுத்தாய முடிவது உங்கள் பெரிய பலம். அதை ஆங்கில அறிக்கைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, இத்துறைக்கெனத் தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். சமூகவியல், பொது சுகாதாரம், தொடர்பியல் ஆகியவற்றுள் ஒன்றைத் தாய்த்துறையாக வைத்துக்கொண்டு, அதற்குள் இந்தக் கேள்வியைக் கொண்டு செல்லுங்கள். அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடப் பண்பியல் (Humanities) மற்றும் சமூக அறிவியல் துறை ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். நோய்ப்பரவல் சார்ந்த இடர்களில் நாட்டமிருந்தால், அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் பொது சுகாதார முதுநிலைப் படிப்பை விசாரியுங்கள். நெறியாளர் கள ஆய்வுக்குப் பழகியவரா என்பதை நிறுவனத்தின் பெயரைவிட முக்கியமாகக் கருதுங்கள்.

இப்போதைய வேலையை உடனே விட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் (யு.ஜி.சி. நெட்) ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். வாடகை கொடுத்துச் சென்னையில் வாழ்பவருக்கு அது இறுக்கமான தொகை என்றாலும், வருமானமின்றிப் படிப்பைத் தொடங்குவதைவிட மேலானது. அதுவரை விடுமுறை நாட்களில் வேறு நிறுவனங்களின் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகச் சென்று குறிப்பெடுங்கள். உங்கள் நிறுவனம் அறிக்கை தயாரித்த திட்டங்களைப் பிற்காலத்திலும் ஆய்வுக் களமாக்க வேண்டாம்: அலுவலகக் கோப்புகளைப் பயன்படுத்தினால் நம்பிக்கை மீறலாகும், பயன்படுத்தாவிட்டாலும், அந்த ஊர் மக்கள் உங்களை நிறுவனத்தின் ஆளாகவே பார்ப்பார்கள்.