ஓம் சரி, சூட்டில் அலை சரியா?
இன்ஜின் சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை, பி0335 என்ற கிராங்க் சென்சார் கோளாறு கோடு வருகிறது, ஆனால் இன்ஜின் தண்டு சுற்றுவதை அறியும் அந்த இரண்டு வயர் சென்சாரில் ஓம் (மின்தடை) சரியாக இருக்கிறது என்கிறீர்கள். ஆறிய பிறகு அளந்த ஓமை நம்பாதீர்கள். மின் அலையைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பை இரு வயருக்கும் குறுக்கே வைத்து, கட்டத்துக்கு 50 மில்லிசெகண்டு போட்டு, சூட்டோடு செல்ஃப் அடியுங்கள். சென்சார் படிக்கும் பல்சக்கரம் 60 பல்லில் 2 இல்லாதது என்றால் 58 மேடு, அப்புறம் ஓர் இடைவெளி தெரியும். எல்லா மேடும் குட்டையானால் சென்சார்தான், அல்லது அதன் முனையில் ஒட்டிய இரும்புத்தூள். சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் மட்டும் குறைந்தால் பல் அடிவாங்கியிருக்கும். அப்போது புது சென்சார் வாங்கிப் பயனில்லை. ஸ்கோப்பை இணைக்க, கனெக்டரின் பின்பக்கமாக ஊசி செருகுங்கள். வயரைக் குத்தினால் மழைக்காலத்தில் உள்ளே செம்புக்கம்பியில் பச்சை பூத்துவிடும், நான் பட்டது.